சோப்பை மாற்றிப் பார்க்கவும்

அலுவலகத்தில் என்னை சைபர் சார் என்பார்கள். அதில் கேலி கொஞ்சம், மரியாதைதான் அதிகம். ஆற்றுத் தண்ணீரின் தரம் பார்க்கும் அலுவலகத்தில் ஒருவனுக்கு இதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. பதினோரு வருடமாக, மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, மேட்டு ஓடையில் தண்ணீர் எடுத்து வருவது என் வேலை. பரிசோதனைக் கூடத்தில் அதில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று தேடுவார்கள். ஒரு வாரத்தில் 'கண்டறியப்படவில்லை' என்று தாள் வரும். இதுவரை நூற்று முப்பத்திரண்டு தாள், அத்தனையும் பூஜ்யம். மற்றவர்கள் கொண்டுவரும் தண்ணீரில் இரண்டு மூன்று மருந்தின் பெயராவது நிச்சயம் இருக்கும். அவர்கள் என்னை, மாமியார் மெச்சிய மருமகளை மற்ற மருமகள்கள் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள்.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு லிட்டர் பிடிக்கும் பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலைத் தண்ணீருக்குள் அமுக்கி, காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி, மூடி, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். கூடவே இன்னொரு பாட்டிலில் அலுவலகத்திலிருந்தே டிஸ்டில்டு வாட்டர் வரும். அது ஓடை வரைக்கும் வந்து, மூடியைத் திறந்து காற்று வாங்கிவிட்டு, என்னோடு திரும்பிப் போகும். என் கையிலிருந்தோ வண்டியிலிருந்தோ எதுவும் ஒட்டவில்லை என்பதற்கு அது சாட்சி. பதினோரு வருடமாக இரண்டு பாட்டிலுக்கும் ஒரே பதில்தான் வந்தது. இரண்டு பக்கமும் முட்டைக்கோஸ் வயல். நடுவில் ஓடுகிற தண்ணீர் எப்படி ஐயா காய்ச்சி வடித்த தண்ணீர் மாதிரி இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நூற்றுக்கு நூறு வாங்கினவன் விடைத்தாளைத் திருத்தச் சொல்லித் திருப்பிக் கொடுப்பானா?

எங்கள் இயக்குநருக்கு அந்த ஓடை மீது தனிப் பாசம். மேலதிகாரிகள் வரும்போதெல்லாம் என் தாள்களைத் தடிமனான கோப்பில் கட்டி மேசையில் வைப்பார், குழந்தையின் பரிசுக் கோப்பையை வரவேற்பறையில் வைப்பதுபோல. போன வருடம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. இவ்வளவு சுத்தமான தண்ணீர் வீணாக ஓடுகிறதே, ஓடை போய்ச் சேரும் கீழ்த்தெருவில் நானூறு வீட்டுக்குக் குழாய் போட்டுவிடலாமே. பொறியாளர் போட்ட வரைபடத்தில் தண்ணீரை வடிகட்ட ஒரு கரிவடிகட்டி இருந்தது. இயக்குநர் பச்சைப் பேனாவால் அதை அடித்தார்.

"தங்கத்துக்கு யாராவது முலாம் பூசுவாங்களா?" என்றார். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தோம். எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே சிரிப்பு வந்தது. அவர் சொன்ன தங்கம் நான்தான்.

திறப்பு விழாவில் முதல் டம்ளரைத் தானே குடிக்கப்போவதாகப் பத்திரிகையிலும் செய்தி கொடுத்துவிட்டார்.

கீழ்த்தெருவில் ஒரு சிறு சுகாதார நிலையம் இருக்கிறது. அங்கே ஒரே ஒரு நர்ஸ். ஓடையில் குளிக்கும் பிள்ளைகளுக்கு உடம்பில் தடிப்பு, கண் எரிச்சல், சிலருக்கு வாந்தி; மாதத்தின் மூன்றாவது வாரத்தில்தான் அதிகம்; தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்று அவர் இரண்டு முறை எழுதியிருந்தார். இரண்டு முறையும் பதில் தயாரித்தவன் நான். இயக்குநர் கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான். 'தொடர்ச்சியான பரிசோதனையில் நீரில் எதுவும் கண்டறியப்படவில்லை' என்பது அலுவலக வாசகம். அதோடு விட்டிருக்கலாம். கரிசனமாக ஏதாவது சேர்க்க வேண்டும் போலிருந்தது. 'பிள்ளைகளின் சோப்பை மாற்றிப் பார்க்கவும்' என்று எழுதினேன். நல்ல வரி என்று அப்போது நினைத்தேன்.

ஓடைக் கரையில்தான் என் அக்கா வீடு. மாதிரி எடுக்கும் இடம் அக்கா வயலை ஒட்டிய நடைபாலத்துக்கு அடியில். இது தற்செயல் என்று சொன்னால் நம்புவீர்களா தெரியாது. மாதிரி எடுத்துவிட்டு அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. அதற்காக முந்தைய வியாழனே போன் செய்து சொல்லிவிடுவேன். "வர்ற வாரம் வரேன்க்கா." அக்கா மீன் வாங்கி வைப்பாள். அரசாங்க வேலையில் இப்படி ஒரு சுகமும் இல்லாவிட்டால் எப்படி?

போன மாதம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி அரை மணி நேரம் வந்த பிறகுதான் என் மூக்குக் கண்ணாடி அக்கா வீட்டு ஃபிரிட்ஜ் மேல் இருப்பது நினைவுக்கு வந்தது. வண்டியைத் திருப்பினேன். வயல் வளைவில் திரும்பியதும் நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கினமாதிரி இருந்தது. எனக்கு இளைப்பு உண்டு. மருந்து வாடை ஆகவே ஆகாது. ஆனால் பதினோரு வருடத்தில் இங்கே ஒருநாளும் அந்த வாடை வந்ததில்லையே என்று யோசித்துக்கொண்டே பார்த்தால், கண்ணுக்கு எட்டிய வயலிலெல்லாம் ஆட்கள். ஒவ்வொருவர் முதுகிலும் டேங்க். ஓடையில் நான் வசதியாக உட்கார்ந்து பாட்டில் பிடிப்பதற்காகப் போட்டுவைத்த கல்லில் உட்கார்ந்து மாமா டேங்க்கைக் கழுவிக்கொண்டிருந்தார். வெள்ளையாக ஏதோ நுரைத்துக்கொண்டு பாலத்துக்கு அடியில் போனது.

"மாப்ள, ஏன் திரும்பி வந்தீங்க?" மாமா பதறி எழுந்தார். "முதல்ல மூக்கை மூடுங்க."

அக்கா ஓடிவந்து என்னை உள்ளே இழுத்து ஜன்னல்களைச் சாத்தினாள். நான் இன்ஹேலரை இரண்டு தடவை இழுத்தேன்.

"போனவன் போன மாதிரி போகவேண்டியதுதானேடா? ஒரு போன் பண்ணிட்டு வந்தா கொறஞ்சா போயிடுவே?"

"இங்க மருந்து அடிப்பீங்களா?"

அக்கா என்னை விநோதமாகப் பார்த்தாள். "முட்டைக்கோஸ் பின்ன எப்படிடா வளரும்? பாட்டுப் பாடியா?"

"நான் ஒருநாளும் பார்த்ததில்லையே."

"எப்படிப் பார்ப்பே? பாட்டில் புடிக்கிறதுக்கு முன்னாடி எடம் பார்க்க வந்தப்போ மூச்சு வாங்கி மூணு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தியே, மறந்துட்டியா? அன்னிக்கே வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டேன். என் தம்பி வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியிலேருந்து எவனும் டேங்க்கை முதுகுல மாட்டக்கூடாதுன்னு."

"எல்லாரும் கேட்டாங்களா?"

மாமா வாசலில் கையை உதறிக்கொண்டே சொன்னார். "உங்க அக்கா சொல்லிக் கேக்காம இருக்கிற வித்தை தெரிஞ்சா எனக்கும் சொல்லிக் குடுங்க மாப்ள. இருபது வருஷமாத் தேடுறேன்."

அப்படியானால் நான் போன் செய்த அன்றே ஓடையின் இரு கரையிலும் செய்தி பரவிவிடும். ஒரு வாரம் மருந்து நிற்கும். ஓடை தன்னைத் தானே அலசிக்கொள்ளும். நான் வந்து பாட்டிலை நிரப்பி, மீன் தின்று, ஏப்பம் விட்டு, வளைவு திரும்புவேன். திரும்பியதும் எல்லோரும் டேங்க்கைத் தூக்குவார்கள். அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். 'தம்பி போன மருந்து.'

"அந்த அடிதான் பலமான அடி" என்றார் மாமா, பெருமையாகவே. "ஒரு வாரம் உங்களுக்கும் விருந்து, புழுவுக்கும் விருந்து. தின்னு கொழுத்த புழு, டேங்க்குக்கு ஒரு மூடி மருந்து ஊத்துனா சிரிக்கும். அதான் ரெண்டு மூடியாப் போடுறோம்."

இரண்டாவது வியாழன் போய் வருவது மூன்றாவது வாரம். நர்ஸ் எழுதியிருந்தது என் முன்னால் வந்து நின்றது.

"அக்கா, இந்தத் தண்ணியவா குடிக்கிறீங்க?"

"சீ, யாராவது குடிப்பாங்களா? மேல ஊத்துலேருந்து எல்லா வீட்டுக்கும் குழாய் போட்டிருக்கு. இதுல மாடுகூட வாய் வைக்காது."

"நல்ல தண்ணின்னு மாசாமாசம் நான் எழுதிக் குடுக்கிறேனே."

அக்கா என் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக் கையில் கொடுத்தாள். "நீ படிச்சவன். ஏதோ ஒரு காரணம் இருக்கும்னு நெனச்சோம். தெரியாம எழுதுவேன்னு எங்களுக்கு எப்படிடா தெரியும்?"

பெட்டியில் ஒரு பாட்டில் மிச்சம் இருந்தது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு போய் அதை நிரப்பினேன்.

அந்தப் பாட்டிலின் தாள் வந்தபோது பரிசோதனைக் கூடத்துப் பெண் நேரில் எடுத்து வந்தார். "சார், ஓடை மாறிப்போச்சா?" என்று கேட்டார். ஆறு மருந்தின் பெயர்கள். அதில் இரண்டு, அனுமதித்த அளவைப்போல நாற்பது மடங்கு.

இயக்குநர் தாளைக் கையில் வாங்கவில்லை. மேசையில் வைக்கச் சொல்லி, தூரத்திலிருந்தே படித்தார்.

"எத்தனை மணிக்கு எடுத்தீங்க?"

"சாயங்காலம் நாலு மணி சார்."

"அட்டவணையில காலை பதினொண்ணு. இதோட சாட்சிப் பாட்டில் எங்கே?"

"இல்ல சார். ஒரு பாட்டில்தான் மிச்சம் இருந்தது."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் சாய்ந்தால் தத்துவம் வரும். "விதிப்படி எடுத்தாத்தான் அது மாதிரி. இல்லேன்னா வெறும் தண்ணி. நூத்தி முப்பத்திரண்டு தடவை உண்மை சொன்ன ஓடை ஒரு தடவை பொய் சொன்னா, நாம எதை நம்பணும்?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சார், பொய் சொன்னது ஓடை இல்லை. நான் சாப்பிட வருகிறேன் என்று ஒரு வாரம் முன்பே ஊருக்குச் சொல்லிவிட்டுத்தான் அந்த நூற்று முப்பத்திரண்டையும் எடுத்தேன் என்று. வாய் வரை வந்தது. அக்கா வீட்டு மீன் முள்போல அங்கேயே சிக்கிக்கொண்டது. அதைச் சொன்னால் பதினோரு வருட வேலையும் பெயரும் போகும். சைபர் என்ற பட்டமே எனக்கு அவ்வளவு தேவையாக இருந்திருக்கிறது.

"அடுத்த இரண்டாவது வியாழன் வருதில்ல? அன்னிக்கு முறையா எடுங்க" என்றார். "விழா மாசக் கடைசியிலதானே. முறையா எடுத்து ஏதாவது வந்தா பார்ப்போம்." ஒன்றும் வராது என்று அவர் குரலிலேயே தெரிந்தது. எனக்கும் தெரியும், வராது. இந்த முறை நான் போன் செய்யாவிட்டாலும் வராது. அக்கா வீட்டுச் சுவரில் காலண்டர் தொங்குகிறது. இரண்டாவது வியாழனைச் சுற்றி அவள் வட்டம் போட்டிருப்பாள்.

அன்று மாலையே போன் செய்தேன்.

"அக்கா, இந்த மாசம் யாரையும் நிறுத்தாதே. எப்பவும்போல அடிக்கட்டும்."

"சாகறதுக்கா வரே?"

"கீழ்த்தெருவுக்கு இந்தத் தண்ணியக் குழாயில விடப்போறாங்க. நானூறு வீடு. பிள்ளைங்க இப்பவே அதுலதான் குளிக்குது."

பின்னால் மாமா டிவி சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

"அவங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

"நல்ல தண்ணின்னு சொன்னதே நான்தானே."

"எங்க மேல கேஸ் வருமா?"

"வரலாம்."

"உன் மேல?"

"அதுவும் வரலாம்."

பெருமூச்சு விட்டாள். "வீடு வீடாப் போய் அடிக்காதேன்னு சொன்னவ, இப்ப அடின்னு சொல்லணும். இவளுக்குப் பித்துப் பிடிச்சிருக்கும்பாங்க." பிறகு, "மீன் வாங்கவா, வேண்டாமா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன். அக்காவிடம் நான் சாப்பாடு வேண்டாம் என்றது அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை காலை பத்தேமுக்காலுக்கே வளைவில் வாடை வந்துவிட்டது. முகக்கவசம், அதன்மேல் ஈரத்துணி, பையில் இன்ஹேலர். வயலில் யாரும் என்னைப் பார்த்துக் கையசைக்கவில்லை. எல்லோரும் ஏதோ துக்க வீட்டு வேலைபோலத் தலையைக் குனிந்துகொண்டு மருந்து அடித்தார்கள். மாமா நாற்பது அடி தள்ளி நின்று, "மன்னிச்சுக்குங்க மாப்ள, உங்க அக்கா சொல்லிட்டா" என்று சொல்லிவிட்டு, மன்னிப்புக் கேட்ட கையோடு பம்பை அழுத்தினார்.

அக்கா பழைய போர்வை ஒன்றை நனைத்துத் தூக்கி வந்தாள். காற்று வரும் பக்கம் நின்று, இரண்டு கையாலும் அதை விரித்துப் பிடித்துக்கொண்டாள். அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து நான் பாட்டிலை அமுக்கினேன். பதினொன்று அடித்து ஒரு நிமிடம். குமிழி இல்லை. சாட்சிப் பாட்டிலைத் திறந்து மூடினேன். விதிப்படி எல்லாம் சரி. மூச்சுதான் விதிப்படி வரவில்லை.

"சீக்கிரம்டா" என்றாள். போர்வைக்குப் பின்னால் அவளும் இருமிக்கொண்டிருந்தாள். பதினோரு வருடமாக அவளும் இதே காற்றைத்தான் மூச்சில் இழுத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. அவளுக்காக யாரும் ஒரு நாள்கூட நிறுத்தவில்லை. நான் உட்பட.

வண்டியில் உட்கார்ந்து படிவத்தை எடுத்தேன். அதில் 'நாற்றம்' என்று ஒரு கட்டம் உண்டு. 'இல்லை' என்று எழுதி எழுதிக் கை அதற்கே பழகியிருந்தது. 'இ' போட்டுவிட்டு அடித்து 'உண்டு' என்று எழுதினேன். கடைசியில் 'குறிப்பு' என்ற கட்டம். அதில் யாரும் எதுவும் எழுத மாட்டார்கள். நான் எழுதினேன். 'இதற்கு முன் எடுத்த நூற்று முப்பத்திரண்டு மாதிரிகளும், வருகை ஒரு வாரம் முன்பே தெரிவிக்கப்பட்டு, அதனால் மருந்து நிறுத்தப்பட்ட நாட்களில் எடுக்கப்பட்டவை. தெரிவித்தவர்: மாதிரி எடுப்பவர். காரணம்: மதிய உணவு.' கட்டம் சிறியது. கடைசிச் சொல் கோட்டுக்கு வெளியே போய்விட்டது.

தாள் வந்தது. ஓடைப் பாட்டிலில் ஏழு மருந்து, சாட்சிப் பாட்டிலில் ஒன்றும் இல்லை. இயக்குநர் இந்த முறை கையில் வாங்கினார். குறிப்பை இரண்டு முறை படித்தார். என்னைத் திட்டுவதற்காக வாயைத் திறந்தவர், பாதியில் வேறு ஏதோ நினைவுக்கு வந்ததுபோல நின்றார். மேசை மீது அவருக்கு வைத்திருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்தார்.

"விழாவுல எனக்குத் தர்ற டம்ளர்," என்றார், "எவ்வளவு பெருசு?"

"இருநூறு மில்லி சார்."

"ஒரு வாய் குடிச்சாப் போதாதா?"

"காமிரா முன்னாடி முழுசாக் குடிக்கிறதா செய்தி குடுத்திருக்கோம் சார்."

நானூறு வீடு சாதிக்காததை இருநூறு மில்லி சாதித்தது. விழா நிர்வாகக் காரணங்களால் ஒத்திவைக்கப்பட்டது. பச்சைப் பேனாவால் அடித்த கரிவடிகட்டி, அதே பச்சைப் பேனாவால் உயிர் பெற்றது. 'அலுவலகத்தின் தீவிரக் கண்காணிப்பால் ஆபத்து தவிர்க்கப்பட்டது' என்று அவர் பத்திரிகைக்குச் சொன்னார். தீவிரக் கண்காணிப்பாளனை விசாரணை முடியும்வரை பாட்டில் கிடங்குக்கு மாற்றினார்கள். மேட்டு வயல்காரர்களுக்கு நோட்டீஸ் போனது.

"எல்லாரும் என்னைத்தான் பாக்குறாங்க" என்றாள் அக்கா போனில். "உன் தம்பிக்காக நிறுத்தினோம், உன் தம்பிக்காக அடிச்சோம், இப்ப உன் தம்பியே நோட்டீஸ் அனுப்புறான்னு கேக்குறாங்க. என்ன சொல்றது?" நான் பதில் தேடுவதற்குள், "மூச்சு எப்படி இருக்கு?" என்றாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கீழ்த்தெருவுக்கும் ஒரு கடிதம் போனது. குழாய் தள்ளிப்போகிறது என்று மட்டும். ஓடையில் குளிக்க வேண்டாம் என்று அதில் ஒரு வரி இல்லை. அது எங்கள் அலுவலக வரம்பில் வராதாம். ஆகவே விடுப்புப் போட்டுவிட்டு நானே போனேன்.

சுகாதார நிலையம் ஒற்றை அறை. ஒரு மேசை, ஒரு கட்டில், எடை பார்க்கும் கருவி. நர்ஸுக்கு ஐம்பது வயது இருக்கும். எந்த அலுவலகம் என்று சொன்னதும் அவர் எழுந்து சுவர் அலமாரியைத் திறந்தார். மேல் தட்டு முழுக்க சோப்பு. பச்சை, வெள்ளை, சிவப்பு. பிரித்தது, பாதி கரைந்தது.

"நாலு வகை மாத்திட்டேன் சார்" என்றார். "அஞ்சாவது எதுன்னு சொல்லத்தான் நேர்லயே வந்திருக்கீங்களா?"

"சோப்பு இல்லம்மா. தண்ணிதான். பிள்ளைங்களை ஓடையில இறங்க விடாதீங்க."

"நான் ஆறு வருஷமா விடலை. வெயில் வந்தா அதுங்க என் பேச்சைக் கேக்குமா? உங்க கடிதத்தைப் பஞ்சாயத்துச் சுவத்துல ஒட்டியிருக்காங்க, பெத்தவங்க அதைக் காட்டுவாங்க. சர்க்காரே நல்ல தண்ணின்னு எழுதியிருக்கு, நீ யாரும்மான்னு." அலமாரியைச் சாத்தினார். "அந்த சோப்பு வரியை எழுதினது யாரு சார்?"

கடிதத்தில் இயக்குநர் கையெழுத்து இருக்கிறது. அவர் பெயரைச் சொன்னால் போதும், பொய்யும் ஆகாது.

"நான்தான்."

அவர் திட்டவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"மூணாவது வாரத்துல வந்த பிள்ளைங்க. ரெண்டு தடவை எழுதினப்பவும் வந்து பாருங்கன்னு எழுதினேன். இப்பத்தான் வந்திருக்கீங்க. படிங்க. வாய்விட்டே படிங்க, எனக்கும் கேக்கட்டும்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். பெயர், வயது, தேதி, என்ன தொந்தரவு. முதல் பெயருக்கு வயது இரண்டு. படித்தேன். அடுத்ததைப் படித்தேன். எட்டாவது பக்கத்தில் எனக்கு மூச்சு இளைக்க ஆரம்பித்தது. மருந்து வாடையே இல்லாத அறை அது. நர்ஸ் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டார். நிறுத்தச் சொல்லவில்லை.